தோற்கக் கற்றுத்தந்த தளபதி

பாரதத்திலே பகடை உருட்டி நாடு தோற்ற கதையைத் தெருக்கூத்திலே கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சகுனி உருட்டினான், தருமன் தோற்றான், நாடும் போயிற்று, மானமும் போயிற்று! பகடை உருட்டிப் படை நடத்தக் கற்றுக்கொண்டவர்களும் உலகிலே உண்டு என்று சொன்னால், தோழர்கள் வியப்படையக்கூடும். வியப்படையட்டும். ஆனால், வியப்போடு நின்றுவிடாமல் சற்றுச் சிந்திக்கவும் வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1824ஆம் ஆண்டு. பிரஷ்ய நாட்டின் தலைநகரான பெர்லின். மேசை மீது பெரியதொரு வரைபடம். ஊரும் ஓடையும், மேடும் பள்ளமும், காடும் கழனியும் அளவு பிசகாமல் அதிலே வரையப்பட்டிருக்கின்றன. வரைபடத்தின் மீது சிவப்புக் கட்டைகள், நீலக் கட்டைகள். சிவப்பு ஒரு படை. நீலம் அதன் எதிர்ப்படை. சுற்றிலும் மீசை நரைத்த தளபதிகள். நடுவே, பீரங்கிப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி விளக்குகிறார், பகடை உருளுகிறது!

சூதாட்டமா? இல்லை. தந்தை சிறு அளவிலே உருவாக்கிய ஆட்டத்தை, மகன் படைக்குப் பயன்படும் பயிற்சியாக மாற்றியிருந்தார். இதிலே இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவர். கட்டைகளை நகர்த்துபவர் நடுவர். ஒரு முறை நகர்த்துவது இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இரண்டு நிமிடத்திலே காலாட்படை எவ்வளவு தொலைவு நடக்குமோ, அவ்வளவுதான் கட்டையும் நகரலாம். மலைக்கு அப்பால் நிற்கும் எதிரி, மலைக்கு இப்பால் நிற்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆகவே அவன் வரைபடத்திலும் தெரியமாட்டான். ஒரு நாள் குறி தப்பாத பீரங்கி மறுநாள் குறி தப்பும் அல்லவா? அந்தத் தற்செயலுக்குத்தான் பகடை.

படைத்தலைமையகத்தின் அன்றைய தலைவர் மஃப்ளிங், அரைமனதோடு வந்து அமர்ந்தார். ஆட்டம் முடிவதற்குள் மனம் மாறினார். இது விளையாட்டல்ல, போருக்கான பள்ளிக்கூடம் என்று உணர்ந்து, படை முழுவதற்கும் பரிந்துரை செய்தார். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டித் தந்த இளைஞர் ரைஸ்விட்ஸ் என்ன ஆனார்? 1827இல், மனம் உடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். புதிய கருத்தைக் கொண்டுவந்தவனை உலகம் எப்படி நடத்தும் என்பது, நமக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

தோழர்களே, இந்த ஆட்டம் ஏன் தேவைப்பட்டது? பட்டறையிலே புதிதாகச் சேரும் பையன், முதலில் பழைய இரும்பிலே கை பழகுகிறான். தவறினால் கெடுவது இரும்பு. வண்டி ஓட்டப் பழகுகிறவன் வெளி மைதானத்திலே பழகுகிறான். தவறினால் நசுங்குவது புல். சிப்பாய்க்கும் அணிவகுப்பு மைதானம் இருக்கிறது, சுட்டுப் பழகப் பலகை இருக்கிறது. ஆனால், இலட்சம் பேரை நடத்தவேண்டிய தளபதி எங்கே பழகுவது? அவருக்கு உணவுக் கணக்குப் பார்ப்பவர், உளவுச் செய்தி தொகுப்பவர், கட்டளை எழுதுபவர், பாதை வகுப்பவர் ஆகிய தலைமையக அதிகாரிகள் எங்கே பழகுவது? உண்மைப் போரிலே பழகினால், கெடுவது இரும்பல்ல, புல்லல்ல; ஏழை வீட்டுப் பிள்ளைகளின் உயிர்! தளபதியின் கற்றுக்குட்டித்தனத்துக்குச் சிப்பாயின் குருதி கட்டணமாவதா? கூடாது என்றால், தளபதியும் தோற்றுப் பழக ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை ஒரு நாட்டின் படைக்கே அடித்தளமாக அமைத்தவர் ஹெல்முட் வான் மோல்ட்கே. அவர் கதைதான் இது.

1800 அக்டோபர் 26 அன்று, மெக்லென்பர்க் பகுதியின் பார்க்கிம் என்ற ஊரிலே பிறந்தார் மோல்ட்கே. பெயருக்கு முன்னே பிரபு வம்சத்து அடைமொழி இருந்தது. பெட்டியிலே பணம் இல்லை. தந்தை வாங்கிய பண்ணைகள் கைகொடுக்கவில்லை. 1806இல் லூபெக் நகருக்குள் புகுந்த பிரெஞ்சுப் படை, அவர்கள் வீட்டையும் சூறையாடிற்று. அன்பு காட்டவேண்டிய வயதிலே பிள்ளையைக் கோபன்ஹேகன் நகரத்துப் படைப்பள்ளிக்கு அனுப்பினர். அங்கே கிடைத்தது கண்டிப்பு, கிடைக்காதது கனிவு. டென்மார்க் படையிலே அதிகாரியானார். அங்கே முன்னேற வழியில்லை என்று கண்டு, 1822இல் தேர்வு எழுதிப் பிரஷ்யப் படையிலே கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். மறு ஆண்டு பெர்லின் போர்க்கல்லூரி. அப்போது அதன் தலைவராக இருந்தவர், போர் பற்றிய தத்துவத்தால் புகழ்பெற்ற கிளாஸ்விட்ஸ்.

படைத்தலைமையகத்திலே பணிபுரிய வேண்டுமானால் சொந்தக் குதிரை வேண்டும். குதிரை வாங்கக் காசு வேண்டும். காசுக்காக மோல்ட்கே என்ன செய்தார் தெரியுமா? ரோமாபுரியின் வீழ்ச்சி பற்றிக் கிப்பன் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூலை ஜெர்மன் மொழியிலே பெயர்க்க ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு பகுதிகளிலே ஒன்பதை முடித்தார். நூல் வெளிவரவில்லை, பேசிய பணமும் முழுமையாக வரவில்லை. எழுதிப் பிழைக்க முயன்றவர்களின் வரலாறு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

1835இல் துருக்கி சென்றார். சுல்தானின் படைக்கு ஆலோசகரானார். 1839 ஜூன் 24 அன்று, நிசிப் என்னுமிடத்திலே எகிப்தின் இப்ராஹிம் பாஷாவின் படையும் துருக்கிப் படையும் மோதின. நிற்கும் இடம் சரியில்லை, பின்வாங்கி வலுவான இடத்துக்குச் செல்லவேண்டும் என்று மோல்ட்கே எடுத்துச் சொன்னார். துருக்கித் தளபதி ஹாபிஸ் பாஷாவுக்கோ, வரைபடம் பார்த்துச் சொன்னவர் பேச்சைவிட மதகுருமாரின் பேச்சே பெரிதாகப் பட்டது. விளைவு? துருக்கிப் படை சிதறியது. பீரங்கிகளை நடத்திய மோல்ட்கே உயிர் தப்பினார். அறிவுரை சொல்ல ஆள் இருந்தால் மட்டும் போதாது. கேட்டுப் பழகிய தலைமையும் வேண்டும் என்பதை அன்று அவர் கண்ணாலே கண்டார்.

ஆண்டுகள் உருண்டன. 1857இல், மோல்ட்கே பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவரானார். வயது 57. பிரஷ்யப் படையில் ஒரு பட்டாளத்தையும் போர்க்களத்திலே நடத்தியறியாதவர்! ஏழு மொழி அறிந்தவர், ஏழிலும் வாய் திறக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்களாம். மேடையிலே பேசியே பழகிவிட்ட நம்மைப் போன்றவர்கள், இந்த ஒன்றையேனும் அவரிடம் கடன் வாங்கலாம்!

பேசாத மோல்ட்கே செய்தது என்ன? பயிற்சியை மூன்று படிகளாக்கினார்.

முதற்படி, காகிதம். ஒரு நிலைமையை எழுதித் தருவார். ஆற்றுக்கு இப்பால் உன் படை, எதிரி இரண்டு இடத்திலே காணப்பட்டதாகச் செய்தி, எது மெய், எது பொய் என்று தெரியாது, பொழுது சாய்கிறது, நீ என்ன கட்டளை இடுவாய்? இப்படிப்பட்ட கேள்விகள். அதிகாரிகள் எழுதுவர். மோல்ட்கே திருத்துவார். நீண்ட கட்டளை அவருக்குப் பிடிக்காது. கீழே இருப்பவன் தானே முடிவு செய்யக்கூடியதை மேலே இருப்பவன் எழுதலாகாது. செய்யவேண்டிய பணி எது என்பதைத் தெளிவாகச் சொல். எப்படிச் செய்வது என்பதைக் களத்திலே நிற்பவனுக்கு விட்டுவிடு. இதுவே அவர் நெறி. 1858 முதல் 1882 வரை அவர் தந்த கேள்விகள், அவர் மறைவுக்குப் பின் நூலாகவே வந்தன.

இரண்டாம் படி, பயணம். ஆண்டுதோறும் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு குதிரைமேல் புறப்படுவார். எல்லைப்புறம், ஆற்றங்கரை, மலைக்கணவாய், நாளை எங்கே போர் மூளக்கூடுமோ அங்கே! படை வராது, பீரங்கி வராது. வருவது அதிகாரியும் அவர் அறிவும்தான். இன்று நீ படைத்தலைவன், நாளை நீ எதிரியின் தலைவன் என்று பொறுப்பு மாற்றித் தரப்படும். குறித்த நேரத்துக்குள் கட்டளை எழுதியாக வேண்டும். மாலையிலே எல்லோரும் கூடுவர். எவர் எங்கே தவறினார், ஏன் தவறினார் என்று விவாதம் நடக்கும்.

மூன்றாம் படி, வரைபடத்து ஆட்டமும், இலையுதிர் காலத்திலே உண்மைப் படைகளைக் கொண்டு நடத்தும் ஒத்திகையும்.

இந்த மூன்றிலும் அடிப்படை ஒன்றே. தவறு செய், இங்கே செய், செய்தது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள், அங்கே செய்யாதே! எதிரியின் முதன்மைப் படையோடு முதல் மோதல் நடந்த பின், எந்தத் திட்டமும் எழுதியபடி நிற்காது என்பது மோல்ட்கேயின் உறுதியான கருத்து. ஆகவே அவர் பயிற்றுவித்தது, திட்டத்தை மனப்பாடம் செய்யும் கிளிகளை அல்ல. திட்டம் உடைந்தபின்னும் சிந்திக்கும் மனிதர்களை.

அதன் பலன் 1866இல் தெரிந்தது. ஆஸ்திரியாவோடு போர். புகைவண்டிப் பாதையின் ஆற்றலை முன்கூட்டியே உணர்ந்தவர் மோல்ட்கே. பெர்லின்–ஹாம்பர்க் புகைவண்டிக் கழகத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்தவர். பிரஷ்யா ஐந்து பாதைகளில் படையை அனுப்பியது. ஆஸ்திரியாவுக்குக் கிடைத்தது ஒன்று. ஜூன் 2 அன்றுதான், படைகளுக்கு நேரே கட்டளை அனுப்பும் உரிமையே மோல்ட்கேக்கு வந்தது. கட்டளையைப் பெற்ற தளபதி ஒருவர், எல்லாம் சரி, இந்த மோல்ட்கே யார் என்று கேட்டதாகக் கதை உண்டு!

ஜூலை 3. போகிமியாவின் கேனிக்ரேட்ஸ். இரு புறமும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் களத்திலே. பிரஷ்யாவின் மூன்று படைகளும் வெவ்வேறு வழியிலே வந்து ஒரே களத்திலே கூடவேண்டும். பட்டத்து இளவரசரின் படைக்குத் தந்தி கிடைக்கவில்லை. இரவோடு இரவாகக் குதிரைமேல் கட்டளை சென்றது. காலை முழுதும் களம் தத்தளித்தது. மன்னர் கலங்கினார். அமைச்சர் பிஸ்மார்க், தம் சுருட்டுப் பெட்டியை மோல்ட்கேயிடம் நீட்டினாராம். உள்ளே இரண்டு சுருட்டு. ஒன்று நல்லது, ஒன்று மட்டம். மோல்ட்கே இரண்டையும் நிதானமாகப் பார்த்து, நல்லதையே எடுத்துக்கொண்டாராம். அதைக் கண்ட பிஸ்மார்க்குக்குக் கலக்கம் தீர்ந்ததாம்! பிற்பகலிலே இளவரசரின் படை வந்து சேர்ந்தது. போர் ஏழு வாரங்களில் முடிந்தது. முதல்நாள்வரை யாரென்று கேட்கப்பட்டவரின் பெயர், ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது.

1870இல் பிரான்சோடு போர். பதினெட்டு நாட்களிலே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் எல்லையிலே நின்றனர். எந்தப் புகைவண்டி எந்த நேரத்திலே எந்த நிலையத்திலே நிற்கும் என்பதுவரை தலைமையகம் முன்பே கணக்கிட்டிருந்தது. எதிர்ப்புறத்திலோ, தம் படைப்பிரிவு எங்கே என்று கேட்டுத் தந்தி அடித்த தளபதியும் உண்டு! செப்டம்பர் 2 அன்று, செடானிலே, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தம் படையோடு சிறைப்பட்டார்.

இதோடு நிறுத்திவிட்டால், இது வெற்றிப் பரணி. நாம் பரணி பாட வரவில்லை.

பேரரசர் பிடிபட்டார்; போர் முடிந்ததா? முடியவில்லை! சதுரங்க ஆட்டத்திலே, அரசன் வீழ்ந்தால் ஆட்டம் முடியும். பாரிசிலே மக்கள் எழுந்தனர். முடியாட்சி போயிற்று, குடியாட்சி வந்தது. அக்டோபர் 7 அன்று, முற்றுகையிடப்பட்ட பாரிசிலிருந்து காம்பெட்டா என்ற தலைவர் பலூனிலே ஏறிப் பறந்து சென்று, புதிய படைகளைத் திரட்டினார். உழவனும் தொழிலாளியும் துப்பாக்கி எடுத்தனர். நான்கு மாதத்துக்கு மேல் நீண்டது முற்றுகை. எலியைத் தின்றும் பாரிஸ் எதிர்த்து நின்றது. பட்டினி போட்டுப் பணியவைப்பதா, பீரங்கியால் சுட்டுப் பணியவைப்பதா என்று மோல்ட்கேயும் பிஸ்மார்க்கும் பூசலிட்டனர். பட்டினியும் பீரங்கியும் விழுந்தது ஏழைகளின் தலைமீது!

சிவப்புக் கட்டை இருந்தது, நீலக் கட்டை இருந்தது. மக்களுக்கு மட்டும் அந்த மேசையிலே கட்டை இல்லை. அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் குறை. வென்றபின் என்ன என்ற கேள்வியும் அங்கே கேட்கப்படவில்லை. அல்சாஸ்–லொரேன் பகுதி பறிக்கப்பட்டது. அந்தப் புண் ஆறாமல், அடுத்த தலைமுறையின் பெரும்போருக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. நிலையான அமைதி வெறுங்கனவு என்று எண்ணியவர் மோல்ட்கே. அந்தக் கருத்தை நாம் ஏற்கவில்லை, ஏற்கப்போவதும் இல்லை.

ஆனால், அவரே இறுதியில் அஞ்சினார் என்பதையும் சொல்லவேண்டும். 1890இல், ஏறத்தாழத் தொண்ணூறு வயதிலே, ஜெர்மன் நாடாளுமன்றத்திலே எழுந்து எச்சரித்தார். மன்னர்கள் நடத்தும் போரின் காலம் போய்விட்டது, இனி மூள்வது மக்களினங்களின் போர், அது ஏழாண்டும் நீளலாம், முப்பதாண்டும் நீளலாம், அதற்குத் தீ வைப்பவன் கேட்டை அடைவான் என்ற பொருள்படப் பேசினார். வாய் திறவாதவர் வாய் திறந்தார். 1891 ஏப்ரல் 24 அன்று மறைந்தார்.

அவர் சொன்னதைக் கேட்டார்களா? அப்போது அரியணையிலே இருந்தவர் இரண்டாம் வில்லியம் கெய்சர். ஆண்டு ஒத்திகைக்குக் கெய்சரும் வருவார். ஒரு தரப்புக்குத் தலைமை தாங்குவார். அவர் தாங்கும் தரப்பு தோற்றதே இல்லை! எப்படித் தோற்கும்? நடுவர் அவர் ஊழியர். கைதட்டுவோர் அவர் அரண்மனையார். குதிரைப்படையோடு பாய்வார், எதிர்த்தரப்பு சிதறியதாகத் தீர்ப்பு வரும். மோல்ட்கேயின் தம்பி மகன், அவரும் மோல்ட்கேதான், 1906இல் அதே பதவியை ஏற்கும்முன், மன்னர் இனி ஒத்திகையிலே தலையிடலாகாது என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒத்திகையிலே தோற்காத கெய்சர், 1918 நவம்பரிலே என்ன ஆனார்? முடி இழந்தார், நாட்டைவிட்டு ஓடினார்!

இன்னொரு சான்று. 1942இல், மிட்வே தீவைத் தாக்கப் புறப்படுமுன், ஜப்பானியக் கடற்படை மேசையிலே ஆடிப் பார்த்தது. பகடை உருண்டது. விமானந்தாங்கிக் கப்பல் இரண்டு மூழ்கியதாகத் தீர்ப்பு வந்தது. மேல்நிலைத் தளபதி உகாகி, அத்தனை குண்டு விழாது என்று தீர்ப்பை மாற்றினார்; மூழ்கிய கப்பல் மீண்டும் மிதந்தது, மேசையிலே! அந்த ஜூன் மாதம் கடலிலே மூழ்கியவை நான்கு. கடல், மேல்நிலைத் தளபதியின் சொல் கேட்பதில்லை!

இன்று மேசைக்குப் பதில் கணினி வந்துவிட்டது. தலைமையகத்து அதிகாரிகள் கூடாரத்திலே அமர்ந்து மெய்யாகவே கட்டளை எழுதுகின்றனர். படையோ கணினிக்குள் மட்டும் நடக்கிறது. எதிரியாக நடிப்பவர் வேறோர் அறையிலே இருக்கிறார். முடிவிலே எல்லோரும் கூடிக் குறைகளைக் கூறுகின்றனர். நம் நீலகிரி மலையிலே, வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியிலும், படைவீரர் இன்றியே நடத்தும் படைப்பயிற்சி பாடமாக இருக்கிறது. கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. தலைவன் தோற்றான் என்று தீர்ப்புக் கூறும் துணிவு நடுவருக்கு உண்டா? அந்தத் தீர்ப்பை ஏற்கும் நெஞ்சம் தலைவனுக்கு உண்டா?

1866 வெற்றிக்காகக் கிடைத்த பரிசுப் பணத்திலே, சைலீசியாவின் கிரைசாவ் என்ற ஊரிலே பண்ணை வாங்கினார் மோல்ட்கே. 1942, 1943 ஆண்டுகளிலே, இட்லரின் கொடுங்கோல் உச்சத்தில் இருந்தபோது, அதே பண்ணையிலே சிலர் கூடினர். அழைத்தவர் அதே குடும்பத்தின் பின்தோன்றல், ஹெல்முட் ஜேம்ஸ் வான் மோல்ட்கே. இட்லர் வீழ்ந்தபின் நாட்டை எப்படி நடத்துவது, நீதி எப்படி, கல்வி எப்படி, தொழிலாளி நிலை எப்படி என்று திட்டம் தீட்டினர். முன்னோரின் மேசையிலே கேட்கப்படாத கேள்வியை, அவர்கள் கேட்டனர்! அதற்குத் தண்டனை தூக்குமேடை. 1945 ஜனவரி 23 அன்று அவர் உயிர் பறிக்கப்பட்டது.

நம் கையிலே பீரங்கி இல்லை, வேண்டியதும் இல்லை. நம் களம், மக்கள் மன்றம். ஆனால், நமக்கும் கிளை உண்டு, வட்டம் உண்டு, மாவட்டம் உண்டு, தலைமை உண்டு. தேர்தல் முடிந்ததும் வென்றால் மாலை, தோற்றால் மௌனம் என்று இருந்துவிடுகிறோமா, அல்லது மாலையிலே கூடி எங்கே தவறினோம் என்று பேசுகிறோமா? கிளைத் தோழன் எழுந்து, தலைவரே, இந்த இடத்திலே தங்கள் கணக்குப் பிசகிற்று என்று சொன்னால், அவனை நடுவராக மதிக்கிறோமா, துரோகி என்று தூற்றுகிறோமா?

கைதட்டுவது தொண்டுதான், மறுக்கவில்லை. குறை சுட்டுவது அதனினும் பெரிய தொண்டு. கூட்டத்துக்குள்ளே தோற்றுக் கற்றுக்கொள்பவன், களத்திலே தலைகுனியமாட்டான். நம் மேசையிலே மக்களுக்கு ஒரு கட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். அந்தக் கட்டையை முதலில் வைத்துவிட்டு, பிறகு ஆட்டத்தைத் தொடங்குவோம்.